எழுந்து நின்ற ஊர்

மணலில் மஞ்சள் நிறப் பொக்லைன் ஒன்று நிற்பதைப் பார்த்ததும் கன்னியம்மாவின் இடுப்பிலிருந்த அன்னக்கூடை நழுவிக் கீழே விழுந்தது. கூடையில் மீன் இல்லை, நல்லவேளை. படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை. காலை ஏழு மணிக்கு மீன் ஏலம் எடுக்க வந்தவள், ஏலம் நடக்கும் இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையே நசுங்கிக் கிடக்கிற புன்னங்குப்பத்துக்கு இருப்பதே அந்த முந்நூறு அடி மணல்தான். வடக்கே கம்பெனிச் சுவர். தெற்கே அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். நடுவில் மிஞ்சிய மணலில்தான் நாற்பது ஃபைபர் படகும் ஏற வேண்டும், வலை காய வேண்டும், மீன் விலை போக வேண்டும். அதில் கண்டெய்னர் அடுக்கப் போகிறார்களாம். படகை அப்புறம் மொட்டை மாடியிலா ஏற்றுவது?

"இத்த நாமதான் நிறுத்திட்டோமே!" என்றாள் கன்னியம்மா. யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

ஊர்த்தலைவர் பொன்னுரங்கம் அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவாய் ஆய்வாளரிடம் மல்லுக்கு நின்றார். எழுபது வயது மனிதர், குரல் மட்டும் முப்பதில் நின்றுவிட்டது.

"யார கேட்டு சார் வேலி போட்றீங்கோ?"

"உங்களக் கேட்டுத்தான் பெரியவரே. கருத்துக் கேட்புக் கூட்டத்துலயே ஊர் சம்மதம் குடுத்தாச்சு. ஃபைல்ல இருக்கு."

"சம்மதமா? எவன் குட்த்தான்?"

"எல்லாரும்தான். மொத்த ஊரும்."

பொன்னுரங்கம் திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் ஊர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசனை சொன்னவளே அவள்தான்.

புன்னங்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும்போது எல்லோரும் மணலில் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் ஒரு விஷயத்தைச் சொல்லுவார். பிடிக்காதவர் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். கத்தக் கூடாது, கையை நீட்டக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. ஒரே ஒரு ஆள் நின்றாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தலைவர் இறங்கி வந்து, நிற்கிறவர் எதிரில் நின்று, "இன்னா கொறை?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் நிற்கிறவர் வாயைத் திறக்கலாம். கேட்காமல் அடுத்த விஷயத்துக்குப் போகிற தலைவர் அன்றோடு தலைவர் இல்லை. குடித்துவிட்டுக் கடலோரம் வெட்டுக்குத்து என்று திரிந்த ஒரு காலத்தில் யாரோ புத்திசாலி வைத்த ஏற்பாடு. இன்றுவரை ஓடுகிறது.

பெண்கள் கூட்டத்தில் உட்கார ஆரம்பித்ததே சுனாமிக்குப் பிறகுதான். உட்கார்ந்த மூன்றாவது கூட்டத்திலேயே கன்னியம்மா எழுந்து நின்றாள். கோயில் இடத்தில் செல்போன் டவர் வைக்க பொன்னுரங்கம் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மனிதருக்கு மகா கோபம். ஒரு மணி நேரம் அவள் பக்கமே பார்க்காமல் பீடி குடித்தார். அவளும் வெயிலில் நின்றாள். கடைசியில் பீடியைத் தேய்த்துப் போட்டுவிட்டு இறங்கி வந்து, "இன்னா கொறை, சொல்லித் தொலை" என்றார். டவர் வரவில்லை. அன்றிலிருந்து அவள் மேல் அவருக்கு எரிச்சலும் மரியாதையும் சரிசமமாக உண்டு.

அந்த தைரியத்தில்தான், கண்டெய்னர் யார்டு பற்றி அரசாங்கமே கூட்டம் போட்டுக் கேட்கப் போகிறது என்றதும் அவள் சொன்னாள்: "கத்தினா கேஸ் போடுவான் நைனா. போன தபா கத்தி, ஒன்பது பசங்க இன்னும் கோர்ட்டுக்கு அலைஞ்சிகினு கீறானுங்கோ. நம்ம வழக்கப்படி நிப்போம். நானூறு பேரும் நிப்போம். எவன் மேல கேஸ் போடுவான்?"

பொன்னுரங்கத்துக்குக்கூட அது பிடித்துப்போனது.

கூட்டம் திருவொற்றியூரில் ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில். மேடையில் அதிகாரி, பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய கம்பெனிக்காரர்கள், வாசலில் நூறு போலீஸ். திரையில் படம் காட்டினார்கள். "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்" என்று அதிகாரி மைக்கில் சொன்னதுதான் தாமதம், புன்னங்குப்பம் மொத்தமும் எழுந்தது. நானூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. கைக்குழந்தைக்காரிகள் எழுந்தார்கள். முட்டிவலி இருதயம்மாள் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு சத்தம் இல்லை. அதிகாரி இறங்கி வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தார்கள். "நன்றி, உட்காருங்க" என்றார் அதிகாரி. உட்காரவில்லை. இருபது நிமிடம் நின்றார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அதிகாரி கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பேச்சைத் தொடராமல் போய்விட்டார் இல்லையா? அப்படியென்றால் விஷயம் நின்றது என்று அர்த்தம். அன்று குப்பத்தில் வீட்டுக்கு வீடு வஞ்சிரம். கன்னியம்மாவின் தம்பி டில்லிபாபு, "அக்கா, நீ கலெக்டராவே போயிருக்கலாம்" என்று பட்டாசு வெடித்தான்.

இப்போது அதே டில்லிபாபு பொக்லைனுக்கு முன்னால் படுத்துக்கொண்டான். இன்னும் முப்பது பேர் படுத்தார்கள். மூன்று நாள் வேலையை நிறுத்திவைப்பது, மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை என்று முடிவானது. கன்னியம்மா கூடையை மணலிலேயே விட்டுவிட்டுப் புளியந்தோப்புக்குப் பஸ் ஏறினாள்.

வக்கீல் யசோதரா அந்த ஒன்பது பையன்களின் கேஸைப் பார்க்கிறவள். கன்னியம்மா வந்து சொன்ன மறுநாளே கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எப்படியோ வாங்கி, அவளை மறுபடி வரச்சொன்னாள். இரண்டு பக்கம்தான். மேஜையில் வைத்துப் படித்தவள் ஒரு இடத்தில் நிறுத்தி, கன்னியம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி படித்தாள்.

"'ஆட்சேபணை உள்ளதா எனக் கேட்கப்பட்டபோது எவரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. கூடியிருந்த பொதுமக்கள் அனைவரும் எழுந்து நின்று திட்டத்தை வரவேற்றனர்.'"

"இன்னாது?"

யசோதரா அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். புகைப்படம். நானூறு பேர் நிற்கிறார்கள். முதல் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கன்னியம்மா. என்ன பெருமை அந்த முகத்தில்! கல்யாண வீட்டு ஃபோட்டோவில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு இப்படி இருந்திருக்காது. அடிக்கிறவனையாவது திருப்பி ஏசலாம். இது அவள் காலாலேயே அவளை மிதித்த மாதிரி இருந்தது. "பொய்யி எழுதிகீறானுங்கோ" என்றாள். "பொய்யி வக்கீலம்மா."

"படம் பொய் இல்லையே" என்றாள் யசோதரா. "மக்கள் சம்மதிச்சாத்தான் அரசாங்கத்துக்கு அதிகாரம்னு காலேஜ்ல பக்கம் பக்கமா படிச்சேன் கன்னியம்மாக்கா. அந்தச் சம்மதத்த யாரு கையால எழுதறாங்கன்னு ஒருத்தரும் சொல்லித் தரல. இப்ப ஒண்ணே ஒண்ணுதான் வழி. நாளான்னிக்கு பேச்சுவார்த்தையில அதே அதிகாரி கைல உங்க மறுப்ப எழுத வைக்கணும். எழுத்துல இருந்தா கோர்ட்டுல நான் பேசுவேன். இல்லன்னா மணலு போச்சு."

ஊருக்குப் போய்க் கன்னியம்மா அதைச் சொன்னபோது யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. இருதயம்மாள் தன் முட்டியைத் தடவிக்கொண்டே, "அவ்ளோ நேரம் நின்னேனேடி" என்றாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நாள்வரை கன்னியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சுவார்த்தைக்கு ஐந்து பேருக்குத்தான் அனுமதி. பொன்னுரங்கம், கன்னியம்மா, டில்லிபாபு, யசோதரா, எபினேசர் என்கிற படகுக்காரர். அலுவலக அறையில் நீள மேஜை. எதிர்ப்பக்கம் கம்பெனிக்காரர்கள், வருவாய் ஆய்வாளர், இன்ஸ்பெக்டர், குறிப்பெடுக்க ஒரு கிளார்க். ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க அவர் அதன்மேல் ஸ்டேப்ளரை வைத்திருந்தார்.

கதவு திறந்தது. அதிகாரி உள்ளே வந்தார்.

அறை மொத்தமும் விருட்டென்று எழுந்தது. கம்பெனிக்காரர்கள் எழுந்தார்கள், இன்ஸ்பெக்டர் தொப்பியோடு எழுந்தார், பொன்னுரங்கம் எழுந்தார், வக்கீலும் எழுந்தாள். கன்னியம்மாவும் எழுந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, கால் தானாக எழுந்தது. ரேஷன் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று ஐம்பது வருஷமாகப் பழகிய கால்.

எழுந்து நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனுஷன் ஒருவேளை பொய்யே எழுதவில்லையோ! அவர் போகிற அறையில் எல்லாம் ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை அவர் பார்ப்பதே எழுந்து நிற்கிற ஜனங்களைத்தான். நானூறு பேர் எழுந்து நின்றே 'வேண்டாம்' என்று சொல்ல முடியும் என்பதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தெரியாதென்றால் இறங்கி வந்து கேட்டிருக்கலாம். பீடி குடிக்கிற பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தது இந்தப் படித்த மனுஷனுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அவள் உட்கார்ந்தாள்.

அதிகாரி இன்னும் நாற்காலிக்கு வந்து சேரவில்லை. "ஏய், எழுந்திரும்மா" என்று இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். வருவாய் ஆய்வாளர் கண்ணால் ஜாடை காட்டினார். டில்லிபாபு அக்காவின் தோளைத் தொட்டான். பொன்னுரங்கம் மட்டும் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, லுங்கியைச் சரிசெய்துகொண்டு, அவரும் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து எபினேசர் உட்கார்ந்தார், டில்லிபாபு உட்கார்ந்தான். கடைசியில் கறுப்புக் கோட்டோடு யசோதரா உட்கார்ந்தாள்.

அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஒரு பக்கம் எல்லோரும் நிற்க, ஒரு பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி திகைப்புதான் இருந்தது. இப்படி ஒரு காட்சியை அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை போலும்.

"ஏம்மா?" என்றார் அவர். "என்ன... என்ன பிரச்சினை உங்களுக்கு?"

கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தத்தான் சார் அன்னிக்கு இருவது நிமிசம் நின்னுகினு எதிர்பாத்தோம்" என்றாள். பிறகு கிளார்க் பக்கம் திரும்பி, "நைனா, அந்த ஸ்டேப்ளர நகுத்திட்டுப் பேனாவ எடு. நான் சொல்றேன், நீ எழுதிகினே வா. எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டு."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நின்றபடியே தலையசைத்தார்.