நடையில் நின்ற பாய்லர்

எங்கள் தெருவுக்கு எரிவாயு வந்ததும், வீட்டைச் சூடாக்க நடையில் நின்ற பழைய நிலக்கரி பாய்லருக்கு வேலையில்லாமல் போயிற்று. கன்றுக்குட்டி அளவு இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளையாக எதையோ அப்பி, துணி சுற்றி, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். துணி கிழிந்த இடத்தைத் தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டும்.

மீரிம் அண்ணிதான் கைபேசியில் படித்துவிட்டுச் சொன்னாள். "இது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராதாம்." சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கைக்குழந்தை எமிர் தூங்கிக்கொண்டிருந்தான்.

அம்மா சிரித்தாள். "நம்ம கூரையே அதுதான்டி. அதுக்கு அடியிலதானே இத்தனை வருஷம் குடித்தனம் பண்றோம்?"

"கூரை உதிரலம்மா. இது உதிருது."

இரண்டு பேர் பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது.

அண்ணி நகராட்சிக்குப் போன் செய்தாள். உடைக்காதீர்கள், நனைத்து பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள் என்றார்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றால் வேறொரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணில் பேசியவர், முதலில் தலைநகர் பிஷ்கேக்கில் சோதிக்க வேண்டும், ஒரு துண்டு உடைத்து வாருங்கள் என்றார்.

"உடைக்காமத் துண்டு எடுக்கணுமாம்!" அண்ணி கைபேசியைத் தரையில் வைத்தாள். மறுநாள் எமிரைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "இது போகட்டும், பெரிசாத். அப்புறம் வர்றேன்" என்றாள் என்னிடம்.

பேரனில்லாத வீட்டில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாய்லர் போக வேண்டும், அவ்வளவுதானே? அஷார் என்று நாங்கள் சொல்லும் ஊர்க்கூட்டு வேலைக்குச் சொல்லி அனுப்பினாள். கூலி வாங்காமல் கைகொடுக்கத் தெருவே வந்தது. சம்மட்டியோடு முன்னால் வந்தவர் பக்கத்து வீட்டு எசென் பாய்கே; வயதில் மூத்த ஆண்களை நாங்கள் பாய்கே என்போம்.

"பாய்கே, முதல்ல தண்ணி தெளிச்சு..." என்றேன்.

"ஏம்மா, சூடா இருக்கா அது?" எல்லோரும் சிரித்தார்கள். முதல் அடியிலேயே நடை வெள்ளையாகிவிட்டது. இருமிக்கொண்டே உடைத்தார்கள். இரும்பு பழைய இரும்பு வண்டியில் ஏறியது.

அம்மா எல்லோருக்கும் சூப்பும் பொரித்த ரொட்டியும் கொடுத்தாள். மிச்சத்தைப் பையில் போட்டு அவரவர் கையில் திணித்தாள். அதே வேகத்தில் பாய்கே உதிர்ந்த வெள்ளைக் கட்டிகளையெல்லாம் சாக்கில் அள்ளினார். "எங்க அடுப்புக் குழாயைச் சுத்தி அப்பலாம். எதுக்கு வீணாக்கறது?"

"எடுத்துட்டுப் போங்க, எசென்" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

அவர்கள் போனதும் அம்மா நடையைத் துடைப்பத்தால் பெருக்கினாள். பெருக்கப் பெருக்கத் தூசி எழும்பி மறுபடி அங்கேயே படிந்தது. பிறகு அண்ணிக்குப் போன் செய்தாள்.

"போயிடுச்சும்மா. பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடு."

போய்விட்டதா? எனக்குப் புரியவில்லை. பாய்லர் இல்லை. ஆனால் என் கண்ணிமையில் வெள்ளை இருந்தது. கைபேசியை அம்மா கையிலிருந்து வாங்கினேன்.

"அண்ணி, இப்ப வராதீங்க."

"ஏன்? அப்ப எப்ப?"

"தெரியல."

அம்மா என்னை அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் படிந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

நான் வாளியில் தண்ணீரோடு பாய்கே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி ஜிபேக் அக்காவின் இடுப்பில் அவர்கள் பேத்தி இருந்தாள்.

"அந்தச் சாக்கைத் திருப்பித் தர்றீங்களா அக்கா?"

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறாளா உங்கம்மா?" அவள் முகம் சுருங்கியது.

"இல்லக்கா, நான்தான் கேக்கறேன். அது கெட்ட தூசியா இருக்கலாமாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"யாருக்கும் தெரியல."

அவள் பேத்தியை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொட்டகையைக் கைகாட்டினாள். "நீயே எடுத்துக்கோ. நான் தொடமாட்டேன்."

சாக்கின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தேன். கனத்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் தெரியவில்லை. வேலியருகே அம்மா நின்றிருந்தாள், கையில் ஈரத்துணி.

"நடையில எங்கேருந்து துடைக்கணும், சொல்லு" என்றாள்.