இருபத்தோரு வயதுச் சடங்கு

மாத்தளைப் பக்கம், பலாபத்வலைக்கு மேலே இருந்த கராம்புத் தோட்டத்தில் கமலாட்சிக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் பன்னிரண்டு என்பார்கள். தங்கை கிருஷ்ணம்மா பெரியவளாகிச் சில வருடங்களாகிவிட்டன. அக்கா இன்னும் பாவாடை சட்டையில்தான். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். பெரியவளாகாதவள் என்று குத்திக்காட்ட “இருசி” என்று முதலில் யார் சொன்னார்களோ, பிறகு லயத்து வீடுகளில் ஒருத்தரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. கிருஷ்ணம்மாவைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட அக்காவைப் பார்த்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அம்மா அழகம்மா முனியாண்டிக்குக் கிடா வெட்டினாள். வேப்பிலை அடிக்க வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அறுபத்தாறாம் வருடம் கராம்பு பறிக்கும் காலத்தில் ஸ்டோரில் தீப்பிடித்தது. மற்றவர்கள் வெளியே மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கு கருகும் நாற்றம் அங்கே வரைக்கும் எட்டியது. உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்த கமலாட்சிக்கு எட்டவில்லை. கூரை சடசடத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கையைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்து விழுந்தவளை லொறியில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கையில் மருந்து போட்டவர் டொக்டர் மஸூதா என்ற முஸ்லிம் அம்மா.

“பக்கத்துல சாக்கு எரிஞ்சிரிக்கி. ஒங்களுக்கு வாசம் வரல்லியா மகள்?”

“எனக்கு எந்த வாசனையும் தெரியாதுங்க. பொறந்ததுலேருந்தே.”

“கராம்பு வாசம்?”

“எல்லாரும் சொல்றாங்க. நமக்குத் தெரியாதுங்க.”

துணி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. டொக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வயதைக் கேட்டார். திரையை இழுத்துவிட்டு, இன்னொரு கேள்வியையும் மெதுவாகக் கேட்டார். கமலாட்சி இல்லையென்று தலையாட்டிவிட்டு அழுதாள்.

“அழ வேணாம். இது சாபமில்ல. வாசம் புடிக்கிற எடமும், ஒடம்பப் பெரியவளாகச் சொல்ற எடமும் மூளையில கிட்டக் கிட்டத்தான் இரிக்கி. சில பேருக்குப் பொறப்புலயே ரெண்டும் சேந்து விட்டுப்போகும். கொம்பு ஊதாட்டி தோட்டத்துல யாரும் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வருவாங்களா? ஒங்கட முட்டைப்பை அப்பிடித்தான், உத்தரவு கெடைக்காம தூங்குது.”

“எழுப்ப முடியுமாங்க?”

“அங்க ஊற வேண்டிய சத்துக்கு ஈஸ்ட்ரஜன்னு பேரு. அதாலதான் மாரும் கர்ப்பப்பையும் வளரும். ரத்தத்தோட மூளைக்கும் திரும்பப் போய், இவ்வளவு போதும், இன்னும் வேணும்னு அதுதான் சேதி சொல்லும். ஒங்களுக்கு அந்தப் பேச்சே தொடங்கல்ல. அந்தச் சத்த நாங்க மாத்திரையாத் தாறம்.”

“புள்ள பொறக்குமாங்க?”

“அதுக்கு வேற மருந்து வர வேணும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க பெரியவளாவீங்க.”

அன்று லயத்துக்கு அவள் மாத்திரைப் போத்தலோடு வந்தாள். அழகம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்திரை முழுங்கி எவளாச்சும் வயசுக்கு வந்திருக்காளா? லயமே சிரிக்கும்டி.”

“இப்ப மட்டும் என்னா, அழுவுதா?”

மாதாமாதம் பஸ் ஏறி மாத்தளைக்குப் போய் வந்தாள். கொஞ்ச நாளில் மார்பு வலித்தது. அந்த வலியை அவள் யாருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டாள். சட்டை பிடித்தது, தையலைப் பிரித்துவிட்டாள், மறுபடியும் பிடித்தது. காரணமில்லாமல் அழுகை வரும், அதே வேகத்தில் பாட்டும் வரும். தனக்குள்ளே இவ்வளவு நாளும் பூட்டிக் கிடந்த ஒரு காம்பராவை யாரோ திறந்துவிட்டது போலிருந்தது அவளுக்கு. பிறகு டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். மாதத்தில் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்.

அப்படி நிறுத்திய ஒரு வாரத்தில், மலையில் கராம்பு பறித்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றைப் பிசைந்தது. மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, ஏணியில் நின்றவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள்.

அழகம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் பயம் வந்துவிட்டது.

“சத்தம் போடாத. பேசாம தலைக்கு ஊத்திக்க. இருபத்தோரு வயசுல சடங்குன்னா வெக்கக்கேடு.”

“சடங்கு வைக்கணும்மா. மாமனுக்கு ஆளனுப்பு. கொட்டு மேளமும் வேணும்.”

நாலந்தாவிலிருந்து தாய்மாமன் மாரிமுத்து சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். பச்சை ஓலையில் குடிசை கட்டினார். மாமி முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள், அடுத்தது கிருஷ்ணம்மா. வேடிக்கை பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“மாத்திரையாலதானாமே?”

“ஆமாக்கா, மாத்திரையாலதான்” என்றாள் கமலாட்சி, ஈரத்தலையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி. “இன்னும் மாசாமாசம் முழுங்குவேன். நீங்களும் ஒரு சொம்பு ஊத்துங்க.”

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொம்பை வாங்கி ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

சாயந்திரம் சிவப்புச் சேலை கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு லயத்தைச் சுற்றி அழைத்துப்போனார்கள். மாரிமுத்து காதோடு சொன்னார், “தலையக் குனிஞ்சு நட புள்ள. சடங்குப் பொண்ணுல்ல?”

“நிமிந்தே வர்றேன் மாமா” என்றாள் கமலாட்சி.

மாமா சிரித்துவிட்டு, மேளக்காரர்களைப் பார்த்து இன்னும் பலமாக அடிக்கச் சொன்னார்.