ஃப்ரீசரில் வைத்த ஊசி

மார்ச் 11, செவ்வாய். சிந்துஜாவின் ஊசி மருந்தை ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். நான் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

டேலி கணக்கு வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதிவிட்டு, ‘தெரியாமல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள் நந்திதா. பிறகு அதை அடித்தாள். ஃப்ரீசர் கூடாது என்று நர்ஸ் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

தங்கை சிந்துஜாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்தாகிவிட்டது. கீமோ தொடங்குமுன் மறுபக்கத்தில் கருமுட்டைகளை வளர்த்து, எடுத்து உறைய வைத்தால் பின்னால் பிள்ளை பெற உதவும் என்றார் டாக்டர். அதற்குத்தான் தினமும் வயிற்றில் இந்த ஊசி. உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

ஐந்து வருஷத்துக்கு முன் நந்திதாவுக்கும் இதே நோய். அப்போது வயது இருபத்திரண்டு. சினைப்பை இரண்டையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். “உசுரு இருந்தாப் போதுமுங்க” என்று அன்றைக்கு டாக்டரைக் கும்பிட்ட அம்மா சென்னியம்மாள், இந்த முறை முதலில் கேட்டதே, “புள்ளை பொறக்குமுங்களா?” என்றுதான். அந்தக் கேள்வி நந்திதாவுக்கு இன்னும் செரிக்கவில்லை. போன ஸ்கேனில் ஐந்து முட்டைகள் தெரிந்ததை அம்மா வீதி முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

உறைந்திருந்த ஊசி மருந்து நந்திதாவின் உள்ளங்கைச் சூட்டில் உருகி, தண்ணீராய்த் தெளிந்தது. இனி யாருக்கும் தெரியாது. முட்டை வளராமல் போனால், உடம்பு ஏற்கவில்லை என்பார்கள்.

“ஏனுங்க நர்ஸம்மா, ஊசி வருமா, வராதா?” உள்ளறையிலிருந்து சிந்துஜா அக்காவைக் கிண்டலாகக் கூப்பிட்டாள்.

நந்திதா போய் நின்றாள். “இது ஆகாது அம்மணி. ஃப்ரீசர்ல வெச்சுப்போட்டேன்.”

“வேணும்னேவா?”

“தெரியல.”

“பொறாமையாக்கா?”

“ஆமா. வயிறு எரியுது. எனக்கு ஒருத்தரும் கேக்கலையே.”

ஊசிக்காகத் தூக்கியிருந்த சட்டையைச் சிந்துஜா இறக்கிவிட்டுக்கொண்டாள். “எனக்கும்தான் உம்மேல எரியுது. நீ எல்லாம் முடிச்சுப்போட்டு இடுப்பு வரைக்கும் முடியோட நிக்கறே. நா இனிமேத்தான் மொட்டையாகோணும்.” பிறகு, “மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத. பார்மசி சாத்தறதுக்குள்ள போயிட்டு வா” என்றாள்.

நந்திதா நர்ஸுக்குப் போன் செய்து திட்டு வாங்கிக்கொண்டாள். பார்மசியிலிருந்து திரும்பும்போது, சிங்காநல்லூர் சிக்னல்களில் வண்டி நின்றபோதெல்லாம் பைக்குள் கைவிட்டு, புது மருந்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

“மெதுவாக் குத்துக்கா. வஞ்சம் தீத்துக்காத” என்றாள் சிந்துஜா.

குத்தினாள். மெதுவாகத்தான்.

“கண்ணு, தங்கச்சிக்குக் கோழிச்சாறு ஆறுது, எடுத்துக் குடு” என்றாள் அம்மா. கொண்டுவரும் வழியில் நந்திதா அதில் ஒரு மடக்குக் குடித்தாள். பொறாமை இம்மியும் குறையவில்லை.

நோட்டில் எழுதினாள்: மிச்ச மருந்து கதவுத் தட்டில் இருக்கிறது. நாளை காலை சிந்துஜாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டும்.