வெயில் மின்சாரத்துக்கு என்ன விலை?

மே தினக் காலை. சொர்ணவல்லி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கணவன் ஆண்டியப்பன் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை அடுப்பு மேடையில் விரித்தான்.

"கிராமசபைக் கூட்டத்துக்கு நேரமாச்சு. இங்கிட்டு ஒரு கையெழுத்தப் போடு."

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்த அந்த ஊராட்சிக்குத் தலைவர் சொர்ணவல்லிதான். ஆனால் மூன்று ஆண்டுகளாகக் கூட்டங்களில் பேசியது ஆண்டியப்பன். அவள் வேலை கையெழுத்துப் போடுவது மட்டுமே.

ஊருக்கு வடக்கே கிடந்த தரிசில் சூரிய வெப்ப மின்நிலையம் அமைக்க ஒரு நிறுவனம் சம்மதம் கேட்டிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு இணைப்புத் தாள்களைப் புரட்டினாள். ஏழாம் பக்கத்தில் திடுக்கிட்டாள். நீராவியைக் குளிரவைக்கத் தண்ணீர் எடுக்கக் கண்மாய்க் கரையில் எட்டு ஆழ்குழாய்க் கிணறுகள்!

"ஏங்க, எட்டு போரா? நம்ம கெணறெல்லாம் என்னாகும்?"

"அது ஒனக்கு எதுக்கு? வேலி போடுற கான்ட்ராக்ட் நமக்குத்தான்னு புரோக்கர் சொல்லிட்டாரு. போடு."

"கூட்டத்துல கேட்டுட்டுப் போடுறேன்."

பள்ளி மைதானத்தில் நடந்த கூட்டத்தில் நிறுவனத்தின் இன்ஜினியர் கார்த்திகா வளைந்த நீளக் கண்ணாடி ஒன்றை வெயிலுக்குத் திருப்பினாள். குவிந்த வெயில் நடுக்குழாயில் விழுந்தது. சற்று நேரத்தில் உள்ளே தண்ணீர் கொதித்து, நீராவி சீறி, சிறிய சக்கரம் சுழன்று, பல்பு பளிச்சென்று எரிந்தது. ஊரே ஆரவாரம் செய்தது.

"பெரிய நெலயத்துல இந்தச் சூட்ட உருக்குன உப்புல தேக்கி வைப்போங்க. பொழுது சாஞ்ச பிறகும் கரண்டு வரும்" என்றாள் கார்த்திகா.

சொர்ணவல்லிக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நாள் பயிரைக் கருக்கிய வெயிலா இது! படபடப்போடு எழுந்தாள்.

"இதுக்கு அம்புட்டுத் தண்ணி வேணுமாங்க?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சொல்றேன்" என்று ஆண்டியப்பன் குறுக்கிட்டான்.

கார்த்திகா நிமிர்ந்தாள். "தலைவர் யாருங்க?"

"நாந்தாங்க." கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் சொர்ணவல்லி உட்காரவில்லை.

"தண்ணி இல்லாம காத்துலயும் குளிர வைக்கலாங்க. கண்ணாடி கழுவ மட்டும் தண்ணி போதும். ஆனா செலவு கூடும், கோடை மத்தியானத்துல கரண்டும் கொஞ்சம் கொறையும். ஏற்கெனவே சோலார் பேனல விட இதுக்கு வெல அதிகம். அதான் கம்பெனியில செலவு கம்மியான வழியக் கேட்டிருக்காங்க" என்றாள் கார்த்திகா.

ஆண்டியப்பனுக்கு வேலி கான்ட்ராக்ட் பேசிய நிலத் தரகர் வெற்றிச்செல்வன் கத்தினார். "இப்படியெல்லாம் கேட்டா கம்பெனி வேற ஊருக்குப் போயிரும்! நம்மூருக்குத் தர்றதாச் சொன்ன அறுபது பேர் வேலை போச்சு!"

கூட்டம் சொர்ணவல்லி மேல் பாய்ந்தது.

"எனக்கும் இது வரணும். நம்ம கெணறு வத்தாம வரணும்" என்றாள் அவள். காற்றில் குளிரவைத்தால் மட்டுமே சம்மதம் என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னாள். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு அரைமனதோடு கைகள் உயர்ந்தன.

அதன்பின் பலர் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. ஆண்டியப்பனும்தான். ஜூலையில் அவனுடைய வயல்கிணற்று மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தது. போர் ஒன்றும் போடாதபோதே இப்படி; எட்டு போரும் ஓடியிருந்தால்? மோட்டாரை நிறுத்தினான். வீட்டுக்கு வந்து ஏழாம் பக்கத்தை முதல்முறையாகப் படித்தான்.

ஆகஸ்ட் பதினைந்து கூட்டத்துக்குக் கார்த்திகா ஓட்டமும் நடையுமாக வந்தாள். "கம்பெனியில ஒத்துக்கிட்டாங்க! காத்துலயே குளிர வைக்கிறோம். கண்ணாடி கழுவ மழைத்தண்ணிக்குத் தனிக் குட்டை வெட்டுறோம்!"

மைதானம் அதிர்ந்தது. அறுபது வேலையும் வருகிறது, தண்ணீரும் தங்குகிறது! வழக்கம்போல் யாரோ மைக்கை ஆண்டியப்பனிடம் நீட்டினார்கள். அவன் வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"வெயிலு சும்மா கெடைக்கும். கரண்டு சும்மா கெடைக்காது. பணமோ தண்ணியோ, யாரோ ஒருத்தர் வெல குடுக்கணும். அந்த வெலய மறைச்சுக் கையெழுத்து வாங்குறது ஊருக்குச் செய்யிற துரோகம். நான் அதத்தான் செய்யப் பாத்தேன். எந்தத் திட்டம் வந்தாலும் முழுச் செலவையும் கேட்டுட்டு வரவேற்போம். கேக்க வேண்டிய தலைவரக் கேக்க விடுவோம். பேசுங்க தலைவரே!"