அரையடிக்கு ஐந்து அங்குலம்

தையல்காரருக்கு இருபத்திரண்டு வருடத் தொழில். அளவு என்று வந்துவிட்டால் தாட்சண்யமே கிடையாது. ஒருமுறை கல்யாண மாப்பிள்ளை ஒருவர், பேண்ட்டில் இடது கால் நீளமாக இருப்பதாகப் புகார் கொண்டுவந்தார். தையல்காரர் பேண்ட்டை அளந்தார். சரியாக இருந்தது. அடுத்து மாப்பிள்ளையை அளந்தார். "பேண்ட்ல தப்பில்லை. உங்க இடது கால்தான் முக்கால் இஞ்சு கம்மி" என்றார், பெண்வீட்டார் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது. கல்யாணம் எப்படியோ நடந்தது. சட்டையை வேறு கடையில் தைத்துக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் மாமனாரின் தூண்டில் கம்பு சிக்கியது.

மாமனார் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டியில் அறுவைச் சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தார். முப்பது வருடம் ஏரிக்கரையில் அவர் கையைவிட்டு இறங்காத மூங்கில் கம்பு கதவு மூலையில் சாய்ந்திருந்தது. வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் துருப்பிடித்து, அவற்றைக் கட்டியிருந்த நூல் பிசிறு பிசிறாகத் தொங்கியது. பிடியிலிருந்த தக்கை எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. பிசிறைக் கண்டால் தையல்காரருக்குக் கை அரிக்கும். யாரிடமும் சொல்லாமல் கடைக்குத் தூக்கிப் போனார்.

உப்புத்தாளால் தேய்த்து மூங்கிலை வெளுப்பாக்கினார். புது வளையங்களைப் பட்டு நூலால் சுற்றிக் கட்டினார். முடிச்சு எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர் உட்பட. புதுத் தக்கை ஒட்டி, கைக்கு வாகாகச் செதுக்கினார். நாளுக்கு ஒன்றாக ஏழு பூச்சு வார்னிஷ். ஏழாவது நாள் கடைக்கு வந்தவர்கள் கம்பில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம்.

கம்பின் அடிப்பக்கத்தில் எட்டுக் கறுப்புக் கோடுகள் இருந்தன, அரையடிக்கு ஒன்று. கரையில் யார் மீன் பிடித்தாலும் அந்தக் கம்பின் பக்கத்தில் கிடத்தித்தான் நீளம் பார்ப்பார்கள். மாமனார் சொன்னால் சொன்னதுதான். கரையில் தூண்டில் புழு விற்கும் புழுக்கடைக்காரர் அதைத் தன் கடைப் பலகையில் எழுதிவிடுவார். தையல்காரர் சும்மாதான் டேப்பை வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு ஐந்து அங்குலம். மறுபடி வைத்தார். ஐந்தேதான். பாவம், மாமாவுக்கு அளக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். சத்தியமாக வேறெதுவும் நினைக்கவில்லை. பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகப் புதுக்கோடு போட்டார்.

ஏழாவது வாரம் கரையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மாமனார் கம்பை வளைத்துப் பார்த்தார். வளையங்களைத் தடவினார். கோடுகளை அவர் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, தினமும் மீன் பிடிக்க வரும் கம்பவுண்டர் ஒரு கெண்டையை இழுத்துப் போட்டார்.

"மூணடி தாராளமா வரும்" என்றார் புழுக்கடைக்காரர்.

கிடத்தினார்கள். ஐந்தாவது கோட்டோடு வால் முடிந்துவிட்டது.

"ரெண்டரையா? வாலை மடக்கி வச்சிருக்கும், நீட்டிவிடுங்க" என்றார் கம்பவுண்டர்.

நீட்டினார்கள். மீன் ஒத்துழைக்கவில்லை.

தையல்காரர் முன்னால் வந்தார். "பழைய கோடு தப்பு. அரையடின்னு போட்டிருந்தது அஞ்சு இஞ்சுதான். நான் சரி பண்ணிட்டேன்."

"அப்போ பலகைல இருக்கற என்னோட மூணேமுக்கால்?" என்றார் கம்பவுண்டர்.

"மூணடி ஒன்றரை இஞ்சு."

அத்தோடு விட்டாரா? காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துப் பலகை முழுவதையும் அடித்துத் திருத்தினார். உச்சியில் இருந்த மாமனாரின் நாலடி மீன் மூன்றடி நாலு அங்குலத்துக்கு இறங்கியது.

"அந்த மீனைச் சொல்லித்தான்யா என் மச்சான் வீட்ல எனக்கு நாற்காலியே போட்டாங்க" என்றார் புழுக்கடைக்காரர், நாலாவது வரியில் இருந்த தன் மீனைப் பார்த்தபடி. பிறகு மெதுவாகத் திரும்பினார். "முப்பது வருஷமாவா பெரியவரே?"

மாமனார் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மற்றவர்களை விட்டுவிட்டு மருமகனைப் பார்த்தார். "நல்லா பண்ணிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அப்போதுதான் தையல்காரருக்கு உறைத்தது, மாமாவுக்கு அளக்கத் தெரியும் என்பது. காது மடலில் பிடித்த சூடு உள்ளங்கால் வரை இறங்கியது. கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாமனார் அதன்பின் கரைக்குப் போகவில்லை. கேட்டால் முட்டி வலி என்றார். சாப்பிடும்போது தட்டைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. எதிரே உட்கார்ந்த தையல்காரருக்கும் சோறு இறங்கவில்லை.

"எங்கப்பாவை மொத்தம் எத்தனை இஞ்சு குறைச்சீங்க? அதையும் கணக்குப் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

நாலாம் நாள் தையல்காரர் மாமனாரின் கட்டிலோரம் போய் நின்றார். "தெரியாமப் பண்ணிட்டேன் மாமா."

"தெரிஞ்சு பண்ணது நான்ல" என்றார் மாமனார். "மீன் பிடிச்சவன் மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? ரெண்டரைன்னா அப்படியே விழுந்துடும். மூணுன்னா அன்னைக்கு வீட்ல சண்டை கிடையாது. நான் எவனுக்கும் குறைச்சு அளக்கலையே மாப்பிள்ளை."

தையல்காரர் கடைக்குப் போய், டேப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, நுனியில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டி, மின்விசிறிக் கொக்கியில் தொங்கவிட்டார். மூன்று நாளில் அது அடிக்கு இரண்டரை அங்குலம் நீண்டது. நல்ல துணி டேப் அப்படி நீளாது என்பார்கள். இது நீண்டது. எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

"தப்பு என் டேப்புல" என்றார். "இழுபட்டுப் போயிருக்கு. மாமா போட்ட கோடுதான் சரி."

அங்கே இரண்டு பேரிடம் இரும்பு ஸ்கேல் இருந்தது. ஒருவரும் வெளியே எடுக்கவில்லை. புழுக்கடைக்காரர் அதற்குள் பலகையைத் துடைத்துப் பழைய எண்களை எழுத ஆரம்பித்திருந்தார், நாலாவது வரியிலிருந்து.

"நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றார் கம்பவுண்டர். "என் சட்டை அக்குள்ல பிடிக்கும்போதே நினைச்சேன். எத்தனை வருஷமா இந்த டேப்பு?"

அதே டேப்பில் அளந்து அதே டேப்பில் வெட்டினால் சட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று தையல்காரர் சொல்ல வந்தார். விழுங்கிக்கொண்டார்.

"இருபத்திரண்டு" என்றார்.

"ச்சே" என்றார் கம்பவுண்டர். கூடியிருந்தவர்கள் குனிந்து அவரவர் சட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் மாமனார் கம்பைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். மேஜையில் கம்பை நீட்டி வைத்து, தானே பிடித்துக்கொண்டார். தையல்காரர் புதுக்கோடுகளைச் சுரண்டினார். கறுப்புப் பெயிண்ட்டில் தூரிகையைத் தோய்த்து, ஐந்து அங்குலத்தில் முதல் கோட்டை இழுத்தார். ஊசிக் காதில் ஒரே தரத்தில் நூல் கோக்கிறவருக்கு அது கோணலாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாவது கோட்டில் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"எப்படியும் புதுசா போடறோம்." குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னும் கால் இஞ்சு குறைச்சுப் போட்டா என்ன? எல்லாருக்கும் வயசாகுது."

தையல்காரர் தலை நிமிரவில்லை. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. போட்டிருந்த மூன்று கோடுகளையும் துணியால் துடைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.