காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனான அவளுக்குக் 'கறார்' என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. வரவேற்பறைப் பெண்ணிலிருந்து டாக்டர் வரை அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்பது மணிக்கு என்றால் ஒன்பதுக்கு வர வேண்டும். வர முடியாதென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "நீங்க வரலைன்னா அந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுப்பேன்ல? சொல்றதுக்கு என்ன கஷ்டம்?" என்று போனில் அவள் கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் வலியை மறந்து மன்னிப்புக் கேட்பார்.

அந்தக் கறார்தான் பத்து நாட்களாக ஒரு மெயிலுக்குப் பதில் போடாமல் வைத்திருந்தாள்.

மெயில் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மருத்துவ இயற்பியல் மேற்படிப்பில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், முப்பதாம் தேதிக்குள் சம்மதம் தெரிவிக்கவும் என்றது. முப்பத்து மூன்று வயதில், புத்தகத்தை மூடிப் பதினொரு வருடம் கழித்து வந்த இடம். படித்ததும் குதிக்காத குறைதான். ஆனால் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை மட்டும் அவள் அமுக்கவில்லை. இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் மனுப் போட்டிருந்தாள். ரயிலில் ஏழு மணி நேரம் போக வேண்டிய ஊர். பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் புருவம் உயரும். அங்கிருந்து மாதக் கடைசியில்தான் பதில் வரும். வரட்டுமே, கையில் ஒன்று இருக்கும்போது என்ன அவசரம்?

அவளுக்கு அவசரம் இல்லைதான். அவசரமெல்லாம் நாத்தனாருக்கு.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் 'பொடிசு' என்பார்கள். இருபத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. படிப்பு யோசனையே அவளுடையது. "தனியா எழுதப் பயமா இருக்கு, நீங்களும் கூட எழுதுங்க அண்ணி" என்று விண்ணப்பப் படிவத்தை இரண்டாக எடுத்து வந்தவள் அவள்தான். ஆறு மாதம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். முடிவு வந்தபோது அண்ணிக்கு இடம் கிடைத்தது. பொடிசுக்குக் காத்திருப்புப் பட்டியலில் ஒன்றாம் எண். இருப்பது பன்னிரண்டு இடங்கள். மற்ற பதினொரு பேரும் சம்மதம் சொல்லிவிட்டதாகப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலேயே போட்டிருந்தது.

பாக்கி ஒரே ஒருத்தி. அவள் இதே வீட்டில், இதே மேஜையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி காலை, கணவன் வாசலில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"பொடிசுக்கு ஒரு வேலை வந்திருக்கு. ஸ்கேன் மெஷின் பராமரிக்கிற கம்பெனி. சேர்ந்தா ரெண்டு வருஷம் விலகக் கூடாதாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல விஷயம்தானே? எப்ப வந்தது?"

"போன வாரம்."

"போன வாரமா? எங்கிட்ட மூச்சு விடலையே!"

"உங்கிட்ட சொன்னா, 'நீங்க என்ன பண்ணப் போறீங்க'ன்னு கேக்குற மாதிரி ஆயிடுமாம். அதான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கா."

அவள் கையிலிருந்த டிபன் டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி மறுபடியும் மூடினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நானா? ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி இருக்கேன். என்னை இழுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அன்று பதினொரு மணிக்கு முதுகுவலிக்காக ஒரு பஸ் டிரைவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள். எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தக் குழாயைப் பார்த்துச் சிரித்தார். "அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில ஓட்டுறவன்மா நான். இதுக்கெல்லாம் பயப்படுவேனா?"

"பயப்பட வேண்டாம், ஆடாம இருந்தா போதும்" என்று அவர் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தாள். முடியவில்லை என்றால் அதை அமுக்க வேண்டும். அவள் அறையில் மணி அடிக்கும்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாய்க்குள் ஒவ்வொரு சத்தம் தொடங்குவதற்கு முன்னாலும் மைக்கில் சொல்வாள்: "இப்ப டக்கு டக்குன்னு கேக்கும், மூணு நிமிஷம்." "அடுத்தது கொஞ்சம் உரக்க இருக்கும், அஞ்சு நிமிஷம்." அழுதுகொண்டு வருகிற ஆட்கள்கூட இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார்கள்.

அன்று இரண்டு சத்தங்களுக்குச் சொன்னாள். மூன்றாவது ஓடத் தொடங்கியபோது போன் மினுங்கியது. பெரிய பல்கலைக்கழகமோ என்று பாய்ந்து எடுத்தாள். ஏதோ துணிக்கடை விளம்பரம். எடுத்ததுதான் எடுத்தோம் என்று பெரிய பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் திறந்து பார்த்தாள். 'பரிசீலனையில் உள்ளது.' நேற்றும் அதுதான். அதற்கு முந்தைய நாளும் அதுதான்.

மணி அலறியது.

போனைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் படுத்திருந்த மேஜையை வெளியே இழுத்தபோது டிரைவரின் சட்டை நனைந்திருந்தது. பந்தை இன்னும் விடாமல் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு சார்? மூச்சு முட்டுதா?"

"சத்தம் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. உங்க குரலையும் காணோம். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னே நெனச்சுட்டேன்."

"அஞ்சு நிமிஷம்தான் சார். நாலு முடிஞ்சிருந்தது."

"அதை உள்ள இருக்கறவனுக்குச் சொன்னீங்களா?" அவர் எழுந்து உட்கார்ந்தார். பயம் இறங்கக் கோபம் ஏறியது. "எங்க வண்டியிலயும் இதே கூத்துதான். இன்னும் அரை மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டா ஜனங்க பேசாம உக்காந்திருப்பாங்க. ஒண்ணும் சொல்லாம இன்ஜினை மட்டும் உறும விட்டீங்கன்னா, கண்டக்டர் சட்டையைத்தான் பிடிப்பாங்க!"

"தப்பு என்னோடதுதான் சார்" என்றாள். கறார் அப்படிச் சொல்லி அந்தச் சென்டரில் யாரும் கேட்டதில்லை. தண்ணீர் கொடுத்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிமிஷத்தையும் மைக்கில் எண்ணிச் சொன்னாள்.

மாலையில் வீடு திரும்பும் பஸ்ஸில் டிரைவரின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. சற்று நேரத்தில் அந்த முகம் இருந்த இடத்தில் பொடிசின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து நாட்களாக எதிர் நாற்காலியில் ஒரு வார்த்தை கேட்காமல் காபி குடித்த முகம்.

சரி, விட்டுக்கொடுத்துவிட்டால் என்ன? நல்ல பெயர் கிடைக்கும். கணவன் நிமிர்ந்து பார்ப்பான். ஆனால் அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். இன்று விட்டுக்கொடுத்தால் ஆயுசு முழுவதும் அதைச் சொல்லிக் காட்டுவாள். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட அந்தப் பேச்சு வரும்.

அப்படியானால் பெரிய இடம்? அது கிடைத்தால் போவாளா? இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் நேராகக் கேட்டதே இல்லை. அந்தப் பக்கத்தைத் தினம் பத்துத் தரம் திறந்து பார்த்தவள், ஒரு தடவைகூட ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை. தங்க இடம் விசாரிக்கவில்லை. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கோ எந்த பஸ், எத்தனை மணி வகுப்பு என்று எல்லாம் மனப்பாடம். மாலை ஷிஃப்ட் மாற்றித் தருவார்களா என்று டாக்டரிடம் சாடைமாடையாகக் கேட்டும் வைத்திருந்தாள். பெரிய இடத்துக்குப் போக அவளுக்கு ஆசையில்லை. அவர்கள் தன்னை 'வா' என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்த ஒரு அழைப்பைக் காதால் கேட்பதற்காகத்தான் ஒரு பெண்ணைப் பத்து நாள் உள்ளே படுக்க வைத்திருக்கிறாள், மைக்கை அணைத்துவிட்டு.

வீட்டுக்குள் நுழைந்தபோது பொடிசு துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கணவன் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பையைக்கூட இறக்காமல் பொடிசுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பொடிசு, நான் இந்த இடத்தை எடுத்துக்கப் போறேன். இப்பவே, உன் முன்னாடியே. அதுக்கு முன்னால உங்கிட்ட வாயால சொல்லணும்னு தோணுச்சு."

மடித்துக்கொண்டிருந்த சட்டை அப்படியே நின்றது. சமையலறையில் தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

"அப்ப அந்தப் பெரிய இடம்?"

"வேண்டாம்னு எழுதிடுவேன்."

"கிடைக்காதுன்னு பயமா அண்ணி?"

"கிடைச்சாலும் போக மாட்டேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. இதை உங்கிட்ட பத்து நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும். உன்னை வாய் திறக்க விடாம உக்கார வச்சுட்டேன்."

பொடிசு சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் கேட்டிருந்தா விட்டுக்கொடுத்திருப்பீங்களா?"

பொய் சொல்ல அது சுலபமான நேரம்.

"மாட்டேன்" என்றாள்.

"நான்தானே உங்களுக்குப் படிவம் எடுத்துட்டு வந்து கொடுத்தேன்! என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்." சிரிக்கத்தான் வாயெடுத்தாள், குரல் பாதியில் உடைந்தது. துணிகளை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவன் ஈரக் கையோடு வந்து நின்றான். "போய்ப் பேசட்டுமா?"

"வேண்டாம். அழட்டும், விடுங்க. இவ்வளவு நாள் அதுக்கும் வழியில்லாம இருந்தா."

அவள் போனை எடுத்து 'ஏற்கிறேன்' என்பதை அமுக்கினாள். பத்து நாட்கள் அவளைப் படுத்தி எடுத்த பொத்தான், சின்னதாக ஒரு பச்சைக் குறி காட்டிவிட்டு அடங்கிப்போனது. பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள்: என் பெயரை எடுத்துவிடுங்கள், எனக்கு அடுத்து இருப்பவரைப் பாருங்கள். அனுப்பிவிட்டாள். அந்த அழைப்பை இனி அவள் கேட்கப் போவதில்லை.

மீதித் துணிகளை மடித்து முடித்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பொடிசு முகம் கழுவியிருந்தாள். கையில் கம்பெனிக் கடிதம்.

"சீட் கிடைச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"தெரியும்."

"உங்க மேல இன்னும் கோபம் இருக்கு."

"இருக்கட்டும். எத்தனை நாளைக்குன்னு மட்டும் சொல்லிடு."

பொடிசு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் காபி நான் போடறேன்."

பொடிசு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்சம் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள்.

"அண்ணி, கம்பெனிக்கு 'மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்'னு போடணுமா?"

"மகிழ்ச்சி இருக்கா?"

"பாதி இருக்கு."

"அப்ப வெறும் 'ஏற்றுக்கொள்கிறேன்'னு போடு. மீதியை ரெண்டு வருஷம் கழிச்சு எழுதிக்கலாம்."