இருமலுக்குக் கேட்ட கேள்விகள்

என் மகள் நதியாவைப் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகள், குப்பிக்குள் கடுகளவு வெள்ளை உருண்டைகள். ஹோமியோபதி. அக்கம்பக்கத்தில் சளி, காய்ச்சல் என்றால் புத்தகத்தைப் புரட்டி ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். அவள் அம்மாவின் இருமலுக்கும் ஒன்றை எடுப்பதற்காக, எங்கள் மலையூருக்கு வந்த ஆளிடம் ஒரு தாள் கொடுத்தனுப்பினாள். தாள் முழுக்கக் கேள்விகள்.

"அப்பா, இருமலுக்குன்னு ஒரே மருந்து கெடையாது," என்றாள் போனில். "எப்ப வருது, எதனால கூடுது, எதனால கொறையுது, என்ன கனவு வருது, எல்லாம் எழுதணும். அம்மாட்ட கேட்டா மட்டும் பத்தாது, பாத்து எழுதுங்க. இதுக்கும் கேக்கலைன்னா ஜீப்பு எடுத்துட்டு வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு அனுப்ப மாட்டேன், ஆமா."

அதுதான் எனக்குப் பயம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து நெஞ்சில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். இருமல் மட்டும் மூன்று மாதமாக விடவில்லை. என் பெண்டாட்டி பிச்சையம்மாளும் கீழே போய்விட்டால் பூம்பாறைக் குளிரில் நான் யார் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்?

எனக்கு எழுத்து வந்ததே ஐம்பதுக்கு மேல்தான். ஒரு பதில் எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகும்.

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்ப நீ?"

"முப்பது வருசம் கூடப் படுத்த ஆளு கேக்குற கேள்வியா இது?"

"நான் கேக்கல புள்ள. தாள் கேக்குது."

"தாளுக்கு இருக்கிற அக்கறைகூட..." என்று ஆரம்பித்தாள். இருமல் வந்து பாதியில் அறுத்துவிட்டது.

குடிக்கப் பிடித்தது வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? "கருப்பட்டிக் காப்பின்னு எழுதுங்க." காரணமில்லாமல் அழுகை வருமா? "அதெல்லாம் எழுதாதீங்க." அவளுக்குப் படிக்கத் தெரியாது. வரும் என்று எழுதினேன்.

ஒன்பதாவது கேள்வி, வீட்டில் புகை உண்டா? இது சுலபம். பீடியை விட்டு ஆறு வருசம் ஆகிறது. இல்லை என்று எழுதி, கெத்தாக அடியில் ஒரு கோடும் போட்டேன்.

கோடு போடும்போது என் தலைக்கு மேலே விட்டத்தில் முதலாளி திருமலைச்சாமியின் விதைப்பூண்டு அறுபது கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் பூண்டைத் தண்டோடு கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். சோறு வெந்த பிறகும் அடுப்பை அணைக்க மாட்டோம். ஈரவிறகைச் செருகி மூட்டமாகவே வைத்திருப்போம். அப்போதுதான் பூச்சி அண்டாது, நட்டால் முளை வெரசா வரும். பிறந்ததிலிருந்து இதற்குள்தான் படுத்து எழுந்திருக்கிறோம். இதைப் போய் யார் புகைக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பார்த்து எழுதச் சொன்னாள் அல்லவா, எண்ணத் தொடங்கினேன். இடது ஜோப்பில் ஒரு பிடி பூண்டுப்பல். ஒரு இருமலுக்கு ஒரு பல் வலது ஜோப்புக்குப் போகும். வெள்ளனே அவள் அடுப்படியில் இருந்தபோதே முப்பத்தொன்று போய்விட்டது.

பிறகு இரண்டு பேரும் புல்லறுக்க மேலே போனோம். வழியில் மலைமேகமாக மஞ்சு இறங்கியது. முதலில் மரங்கள் காணாமல் போயின, அப்புறம் பாதை, அப்புறம் என் கால். முன்னால் போகிறவளின் சேலை மட்டும் எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. அரிவாள் சத்தம் ஒரு பக்கம் கேட்கும், ஆள் வேறு பக்கம் இருப்பாள். நேரம் நின்றுவிட்டதா நடக்கிறதா தெரியவில்லை. மஞ்சு விலகியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"என்ன, ஜோப்பையே தடவிக்கிட்டு இருக்கீங்க? அதுல என்ன பொதையலா கெடக்கு?"

ஒரு பல்கூட இடம் மாறவில்லை.

புல்லுக்கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்தோம். கடைசிக் கேள்வியைக் கேட்டேன். கனவு.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, சொல்லு."

"நான் மஞ்சா இருக்கேன். கை காலு ஒண்ணும் இல்ல. சோலி எல்லாம் முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வாரேன். நீங்க என்னையப் பூண்டுன்னு நெனைச்சு, சுருட்டிக் கட்டி, அடுப்பு மேல தொங்க விட்டுடுறீங்க. ஏங்க, நான்தாங்கன்னு கத்துறேன். நீங்க பாட்டுக்கு விறகத் தள்ளிக்கிட்டு இருக்கீங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், இருமாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில்தான் கீழே ஊரைப் பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டு இடுக்கிலிருந்தும் புகை கசிந்து மஞ்சோடு சேர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கூரையிலும்தான்.

வீட்டுக்குத் திரும்பி, அவள் முக்காட்டை எடுப்பதற்குள் ஆறு பல் வலது ஜோப்புக்குப் போயிற்று.

தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை என்பதை அப்படியே விட்டால் நதியா ஏதோ ஒரு குப்பியைத் திறப்பாள், இவள் இங்கேயே இருப்பாள். மாற்றினால் ஜீப்பு வரும். கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன். அடுப்படியில் அவள் இருமிக்கொண்டே இருந்தாள். இந்த முறை எண்ணவில்லை.

இல்லை என்பதை அடித்தேன். உண்டு, இரவும் பகலும், நான்தான் போடுகிறேன் என்று எழுதினேன். போனில் படம் பிடித்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் நதியா கூப்பிட்டாள். "மருந்து பெறகு பாக்கலாம்ப்பா. காலைல வாரேன்," என்றாள்.

"அப்படி என்னத்த எழுதுனீங்க அவளுக்கு?" என்றாள் பிச்சையம்மாள்.

"ஒன் கனவத்தான்."

மறுநாள் காலை ஜீப்பில் ஏறிய பிச்சையம்மாள் என் கையைப் பிடிக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. "நாலு கட்டு அவுந்து கெடக்கு, விழுந்துரப் போகுது," என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கே முதலாளியிடம் போய், காலியாகக் கிடந்த உருளைக்கிழங்குக் கொட்டகையைக் கேட்டேன்.

"வெதை கெட்டுச்சுன்னா?"

"நெருப்ப நானே பாத்துக்கிறேங்க. வீட்டுல மட்டும் வேண்டாம்."

"பொண்டாட்டி இல்லாத வீட்டுக்கு எதுக்குய்யா இம்புட்டு அலங்காரம்?" என்று சிரித்துக்கொண்டே சாவியை எறிந்தார்.

வேலை முடிந்து வந்து தினமும் பத்துக் கட்டு மாற்றினேன். ஆறு நாளாயிற்று. விட்டத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கரி போகவில்லை. கீழே போன பிறகு பாதி இருமல் நின்றுவிட்டது என்று நதியா சொன்னாள். அவளும் ஏதோ ஒரு உருண்டை கொடுத்திருக்கிறாள். எது கேட்டதோ, எனக்குத் தெரியாது.

"அந்த ஒம்பதாம் கேள்விக்கு இப்ப வேற பதிலு," என்றேன்.

"அம்மாட்ட சொல்லுங்க," என்று போனைக் கொடுத்தாள். சொன்னேன். பிச்சையம்மாளின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, தடையில்லாமல்.

போனை வைத்தபோது மஞ்சு இறங்கி வாசலில் வந்து நின்றது. வழக்கமாகக் கதவைச் சாத்திவிடுவேன். அன்றைக்குத் திறந்தே விட்டேன். மெல்ல உள்ளே வந்து, அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தது.